வரச் சொல்லும் பாட்டும் போகச் சொல்லும் பாட்டும்

“…அப்ப ரெண்டையும் பாடச் சொல்லு பிள்ளை. வரச் சொல்லுற பாட்டையும் பாடட்டும், போகச் சொல்லுற பாட்டையும் பாடட்டும். எது பிழைச்சாலும் மற்றது இருக்குமெல்லோ?” என்றாள் என் அக்கா.

லண்டனில், பிளேஸ்டோவில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தோம். சோபாவைச் சுவரோடு தள்ளிவிட்டு, கம்பளத்தின் மேல் ஒரு துணி விரித்திருந்தது. துணிக்கு ஒரு பக்கம் அக்கா. மறுபக்கம் அமேசன் ஆற்றங்கரையிலிருந்து வந்திருந்த ஒரு வைத்தியக்கார அம்மா. அவருக்குப் பக்கத்தில் அவருடைய பெறாமகள், அதாவது தமக்கை மகள், என்னோடு வேலை செய்கிறவள். கதவடியில் என் கணவர். மொழிபெயர்க்கவென்று நடுவில் நான். பாட்டுக் கேட்டது அக்காவின் மகனுக்காக. அவன் யாழ்ப்பாணத்தில் காணாமல் போய் அப்போது பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது.

அக்கா அதற்குப் பிறகு என்ன செய்தாள் என்பதை உடனே சொன்னால் விளங்காது. கொஞ்சம் பின்னுக்குப் போய்த்தான் வரவேண்டும்.

நான் அந்த நாட்களில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தேன். பிள்ளைகள் சாப்பிட்ட தட்டுகளை வழித்துக் கழுவும் பெரிய தொட்டியடியில் இரண்டு பேர் நிற்போம். ஒன்று நான், மற்றது பெரு நாட்டுக்காரி. அவளுடைய இங்கிலீசும் என்னுடைய இங்கிலீசும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நின்றவை. அவளுக்குத் தெரியாத சொல்லுக்கு நான் கையைக் காட்டுவேன். எனக்குத் தெரியாததுக்கு அவள் முகத்தைக் காட்டுவாள். ஆனாலும் அவள் வாயில் இருந்து விழுகிற கதைகளை நான் வீட்டுக்குக் கொண்டுபோய் அக்காவுக்குச் சொல்லாத நாள் இல்லை. தலைமைச் சமையல்காரி ஒருநாள் எங்களைப் போட்டுத் திட்டியபோது, “விடு, அவள் வயித்துக்குள்ள கல்லு அவியுது, அதின்ர ஆவிதான் இது” என்றாள் பெருக்காரி. முதல் தடவை பனி பெய்தபோது, “எங்கட ஊரில வானம் அழும். இஞ்ச வானம் தோலுரிக்குது” என்றாள். அவள் சொன்னவற்றை எல்லாம் எங்கள் தமிழிலேயே இங்கே எழுதுகிறேன். என் மனதில் அவை அப்படித்தான் கிடக்கின்றன.

ஒரு சனிக்கிழமை அவளைத் தேநீருக்கு வீட்டுக்குக் கூட்டிவந்தேன். எங்கள் சாமியறை என்பது குசினிக்குள் ஒரு அலுமாரித் தட்டு. மேலே படங்கள், கீழே அரிசிப் பேணி. அங்கே ஐந்து தலை நாகம் குடைபிடிக்கிற அம்மன் படமும், அக்கா ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்ன வெள்ளி நாகமும் இருந்தன. பெருக்காரி தேநீரைக் கையில் வைத்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நீங்களும் அவளை வைச்சிருக்கிறியளோ?” என்றாள்.

“ஆரை?”

“தாயை.”

அக்கா கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தி, “என்னவாம்?” என்று கேட்டாள். லண்டனுக்கு வந்து அத்தனை மாதத்தில் வேறொருத்தர் சொன்னதை அக்கா திருப்பிக் கேட்டது அதுதான் முதல் தடவை. டிவி ஓடினால் ஓடும், நாங்கள் கதைத்தால் கதைப்போம், அவள் பாட்டில் இருப்பாள். எங்கே இருந்தாலும் வாசற்கதவைப் பார்த்தபடி இருக்கிற மாதிரி ஒரு இருப்பு.

பெருக்காரி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னாள். அவளுடைய தாய்வழி ஆட்கள் பெரிய ஆற்றின் கரையில் இருக்கிறவர்கள். அந்த ஆற்றுக்குள் ஒரு பெரும் பாம்பு இருக்கிறது. உலகத்தில் உள்ள கோலம் எல்லாம் அதன் தோலில் இருக்கிறது. பெண்கள் அதைப் பார்த்துத்தான் துணியில் தைக்கிறார்கள். வைத்தியம் பார்க்கிறவர்கள் பாடுகிற பாட்டும் அந்தக் கோலம்தான். துணியில் விரலை வைத்துக்கொண்டே போனால் பாட்டு வரும். காட்டில் மரத்தைச் சுற்றி ஏறுகிற ஒரு கொடி உண்டு. அதை இடித்து, வேறோர் இலையும் சேர்த்து நெடுநேரம் காய்ச்சி, வைத்தியக்காரர் குடிப்பார். அந்தக் கொடிக்கும் பாம்புதான் தாய். குடித்தவருக்கு முன்னால் வருவாள். புதிதாகக் குடித்தவர்கள் பயந்து கத்துவார்களாம். ஓடக்கூடாது. சுற்றினால் சுற்றட்டும், விழுங்கினால் விழுங்கட்டும் என்று கிடக்கவேண்டும். உள்ளே போய் ஊத்தையை எல்லாம் வழித்துக்கொண்டு வெளியே வருவாள். தொலைந்த உயிர் எங்கே நிற்கிறது என்று அவளுக்குத்தான் தெரியும்.

“அந்தக் கொடிக்கு எங்கட பக்கத்தில கயிறு எண்டும் சொல்லுறவை. உயிரின்ர கயிறு” என்றாள்.

எங்கள் அம்மா பொழுதுபட்டால் பாம்பு என்று வாயால் சொல்லவிடமாட்டா. “கயிறு கிடக்குது, பாத்துப் போ” என்றுதான் சொல்லவேண்டும்.

அக்கா கறிவேப்பிலைக் காம்புகளை ஒன்றுசேர்த்துக் கையில் வைத்திருந்தாள். பெருக்காரி போனபிறகு கேட்டாள்: “அவையின்ர பாம்பு கோவிக்காதோ?”

அக்கா அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது.

அவள் மகனை வயிற்றில் வைத்திருந்த காலத்தில், கோழிக்கூட்டுக்குள் ஒரு நல்லபாம்பு வந்து கிடந்தது. அத்தான் பயந்த மனிதர். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீடு என்று பதறி, உலக்கையால் அடித்துவிட்டார். நல்லபாம்பை அடிப்பதே பிழை. அடித்துவிட்டால் அதற்கு என்று ஒரு முறை இருக்கிறது. பால் ஊற்றி, ஒரு செம்புக்காசு போட்டு, மனிதருக்குச் செய்வதுபோல் எரிக்கவேண்டும். அத்தான் தடியில் தூக்கிக்கொண்டுபோய்ப் பனங்காணிக்குள் எறிந்துவிட்டு வந்தார். அடுத்தநாள் அக்கா சொல்லித் தேடிப் போனார். பாம்பைக் காணவில்லை. நாய் கொண்டுபோயிருக்கும், கீரி கொண்டுபோயிருக்கும். சாத்திரியார் வந்து பார்த்து நாகதோஷம் என்றார். நயினாதீவு நாக அம்மன் கோயிலுக்கு நேர்த்தி வைத்தார்கள். பிள்ளை சுகமாகத்தான் பிறந்தான். நல்ல வடிவான பிள்ளை. பத்தொன்பது வயதுவரைக்கும் அக்கா அந்தப் பாம்பை மறந்துதான் இருந்தாள்.

இராணுவம் யாழ்ப்பாணத்தைப் பிடித்து, இடம்பெயர்ந்த சனம் ஊர் திரும்பிய காலம் அது. பையன் சைக்கிளில் ரியூசனுக்குப் போனான். சந்தியில் காவலுக்கு நின்ற ஆமிச் சென்றிக்காரர் மறித்து வைத்திருந்ததைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. அக்காவும் அத்தானும் ஏறாத முகாம் இல்லை, கும்பிடாத பெரியவன் இல்லை. எல்லோரும் ஒரே பதில்: அப்படி ஒருவரைத் தாங்கள் பிடிக்கவேயில்லை. அத்தான் அந்த ஏக்கத்திலேயே போய்விட்டார். பிறகு சமாதானம் என்று சொல்லிப் பாதை திறந்த வருடங்களில், அக்கா தனியே தென்பக்கத்துச் சிறை வாசல்கள்வரைக்கும் போய்ப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்றான பிறகுதான் நாங்கள் அவளை இங்கே கூப்பிட்டுக்கொண்டோம்.

அந்த நாட்களில் ஒருதரம் அக்கா சொன்னது இன்றைக்கும் என் காதுக்குள் இருக்கிறது. “நாங்கள் அதுக்குச் செய்யேல்லை. அது எங்களுக்குச் செய்ய விடேல்லை.” பாம்பின் உடலுக்கு நாங்கள் முறை செய்யவில்லை, ஆகவே மகனின் உடலுக்கு முறை செய்ய அது விடவில்லை. இதைச் சொன்ன அவளே, அடுத்த நிமிடம், “எண்டு ஆரும் நினைச்சால் அவையின்ர வாய் அழுகும். என்ர பிள்ளை இருக்கிறான்” என்றும் சொன்னாள்.

இரண்டையும் அவள் ஒரே மூச்சில் வைத்திருந்தாள். நாங்கள் அதற்குள் கைவைக்கவில்லை. மாதம் ஒருமுறை அவனுடைய நட்சத்திரத்தன்று கோயிலுக்குப் போவோம். அக்கா அவன் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி அர்ச்சனை செய்வாள். அது உயிரோடு இருக்கிறவர்களுக்குச் செய்வது. ஒருமுறை புதிதாக வந்த இளம் ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு, “பிள்ளை எங்க, யூனிவர்சிற்றியோ?” என்று சாதாரணமாய்க் கேட்டார். “ஓம் ஐயா, தூர இடத்தில” என்றாள் அக்கா. ஐயர் திருநீற்றை இரண்டு பொட்டலமாகத் தந்தார், மகனுக்கும் ஒன்று அனுப்பச் சொல்லி.

என் கணவர் பகிடிக்காரர், கல்நெஞ்சக்காரர் இல்லை. ஒரு ஆடி அமாவாசைக்கு முன், அவர் மட்டும் துணிந்து, “மச்சாள், ஒரு திவசம் செய்துவிட்டால் அவனுக்கும் ஆறுதல், நீங்களும் கண்ணை மூடி நித்திரை கொள்ளலாம்” என்றார். அக்கா அவரைப் பார்க்கவேயில்லை. தன் கோப்பையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். கன காலம் அவர் இருக்கிற மேசையில் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எவரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. இருக்கிறானா, இல்லையா. கேட்காமல் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். உப்பைத் தா, ஹீற்றரைப் போடு, மழை வருது என்று கதைத்துக்கொண்டு.

இப்படி இருக்கும்போதுதான் பெருக்காரி சமையலறையில் ஒரு செய்தி கொண்டுவந்தாள். அவளுடைய சின்னம்மா பாரிசுக்குத் துணி விற்க வருகிறார், திரும்பிப் போகிற வழியில் அவளோடு சில நாள் தங்குவார். துணி தைக்கிறவர் மட்டுமில்லை. தன் ஊரில் பாடி வைத்தியம் பார்க்கிறவர்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எனக்கு அது வராது. அன்று பின்னேரமே அக்காவுக்குச் சொன்னேன்.

“இஞ்ச கூட்டிக்கொண்டு வா” என்றாள் அக்கா.

“அக்கா, அவ அந்தக் கொடி மருந்தைக் கொண்டு வரேல்லையாம். இந்த நாட்டில அதுக்குத் தடை. பாடத்தான் பாடுவாவாம்.”

“எனக்குக் குடிக்கத் தேவையில்லை. பாம்பு அவவோட வந்தால் காணும்.”

“ஹீத்ரோவில பாம்புக்கு விசா குத்துவாங்களோ மச்சாள்?” என்றார் என் கணவர்.

“உங்களுக்கே குத்தினவங்கள், அதுக்குக் குத்தமாட்டாங்களோ?” என்றாள் அக்கா. அந்த அமாவாசைக்குப் பிறகு அவள் அவருக்குச் சொன்ன முதல் முழு வசனம் அது. அவர் பேயறைந்த மாதிரி என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அக்காவும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

வைத்தியம் பெறுகிறவர்கள் சில நாட்களுக்கு உப்பு, உறைப்பு, இனிப்பு, எண்ணெய், இறைச்சி ஒன்றும் சேர்க்கமாட்டார்கள் என்று பெருக்காரி சொல்லியிருந்தாள். இது கொடி குடிக்கிறவர்களுக்குத்தான், உன் அக்காவுக்குத் தேவையில்லை என்றும் சொன்னாள். அக்கா அந்தப் பின்பாதியைக் காதில் வாங்கவில்லை. விரதம் என்று கேட்டதும் அவளுக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. கந்தசஷ்டிக்கு மிளகும் தண்ணீரும் குடித்து இருந்தவள் அவள். உப்பில்லாத கஞ்சியை அவள் குடிக்கிற வேகத்தைப் பார்த்தால் எங்களுக்கு வாயூறும். நேரத்துக்கு எழும்புவதும், முழுகுவதும், வீட்டைக் கூட்டுவதும். இந்த நாட்டில் தனக்குச் செய்யத் தெரிந்த ஒரு வேலை கடைசியில் கிடைத்துவிட்டதுபோல் இருந்தாள். எனக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

பெப்ரவரி அரைத்தவணை விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை அவர்கள் வந்தார்கள்.

சின்னம்மா குட்டையான பெண்மணி. நெற்றியில் நேராக வெட்டிவிட்ட கருமயிர். யாரோ ஆம்பிளையின் பெரிய கோட்டு ஒன்றுக்குள் அரைவாசி மறைந்திருந்தார். கோட்டைக் கழற்றியதும் உள்ளே கோலம் தைத்த பாவாடை, அதற்குக் கீழே காலில் இரண்டு சோடி கம்பளி மேஸ். எங்கள் ஹீற்றரைக் கண்டதும் வீட்டாரைக் காண முன்னமே அதனிடம் போய் முதுகைக் கொடுத்துக்கொண்டு நின்றார். அக்காவுக்கு உடனே பிடித்துப்போயிற்று. “பாவம், எங்களைப் போலதான்” என்றாள்.

அக்கா முன்னறையைக் கோயிலாக்கி வைத்திருந்தாள். நிறைகுடம், குத்துவிளக்கு, சாம்பிராணி. சின்னம்மா ஹீற்றரை விட்டு வந்து தன் துணியை உதறித் தரையில் விரித்தார். பழுப்பு நிறத் துணி. கறுப்பில் கோடுகள்: மடங்கி, உடைந்து, திரும்பி, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்று கண்ணால் பிடிக்க ஏலாத கோடுகள். நடுவில் ஒரு பாம்பு. அதன் உடம்பும் அதே கோலத்தால் ஆனபடியால் முதலில் அதைக் காணவே முடியாது. கண்டபிறகு வேறொன்றும் தெரியாது. எங்கள் மார்கழிக் கோலம் ஞாபகம் வந்தது. ஆனால் இதில் புள்ளி இல்லை.

சின்னம்மா மரக்குழாய் ஒன்றில் புகையிலையை அடைத்துப் பற்றவைத்து, துணியின் நான்கு மூலைக்கும் ஊதினார். அது சாம்பிராணியோடு சேர்ந்துகொள்ள, கூரையில் இருந்த நெருப்பு அலாரம் வீட்டைப் பிய்த்துக்கொண்டு அலறத் தொடங்கியது. என் கணவர் கதிரையில் ஏறி நின்று அதன் பற்றரியைப் பிடுங்கினார். “தாய் வந்திட்டா, மணியும் அடிச்சாச்சு” என்றார் கதிரையில் நின்றபடியே. பெருக்காரி அதைச் சின்னம்மாவுக்குச் சொல்ல, அவர் பல் தெரியச் சிரித்தார்.

அப்போது அக்கா குசினிக்குள் இருந்து பால் கொண்டுவந்தாள். பித்தளைச் செம்பில், இளஞ்சூடாய். கொண்டுவந்து துணியில் பாம்பின் தலைக்கு முன்னால் வைத்து, விழுந்து கும்பிட்டாள். எத்தனையோ வருடத்துக்கு முன்னர் பனங்காணிக்குள் ஊற்றியிருக்கவேண்டிய பால்.

அவள் எழும்ப முதலே சின்னம்மா செம்பை இரண்டு கையாலும் எடுத்து, அக்காவைப் பார்த்துத் தலையை ஆட்டி, மடமடவென்று குடித்துவிட்டார். விருந்தாளிக்கு வைத்தது என்று நினைத்தார், பாவம். குளிருக்கு நல்லது என்று பெருக்காரியிடம் சொல்லி, வெறும் செம்பைத் துணியில் வைத்தார்.

என் கணவர் வாயைத் திறந்தார். நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன். மூடிக்கொண்டார்.

அக்கா நிமிர்ந்து வெறும் செம்பைப் பார்த்தாள். சின்னம்மாவின் மேலுதட்டில் பால் நுரை. அக்காவின் முகம் அப்படி மலர்ந்ததை நான் அவளுடைய கல்யாண நாளுக்குப் பிறகு காணவில்லை. “குடிச்சிட்டா” என்றாள். “பிள்ளை, குடிச்சிட்டா. கோவமில்லை.” கண்ணால் தண்ணீர் ஓடியது. சின்னம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் எழும்பிவந்து அவள் கன்னத்தைத் தன் பாவாடை நுனியால் துடைத்தார்.

என்ன நடந்தது என்று பெருக்காரி என்னைக் கேட்டாள். அப்போதுதான் கோழிக்கூட்டுப் பாம்பின் கதையை முழுதாகச் சொன்னேன். நான் இங்கிலீசில் சொல்ல, அவள் தன் பாசையில் சொல்ல, கதை அறையைச் சுற்றிவந்தது. சின்னம்மா புகைத்துக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்து அவர் சொன்னது மிகவும் சிறியது.

“பாம்பை அடிச்சால் பாம்பு செத்துப்போகும். அதுக்காக அழலாம். ஆனால் அவள் தாய். தாய் இன்னொரு தாயின்ர பிள்ளையை எடுக்கமாட்டாள். உன்ர பிள்ளையைப் பாம்பு எடுக்கேல்லை.”

நான் இதைத் தமிழில் சொன்னேன். நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொன்னேன். இத்தனை வருடம் அத்தானின் உலக்கையைச் சுமந்துகொண்டு திரிந்தவளுக்கு அதை இறக்கிவைக்கலாம் என்கிறார்கள். வேறென்ன வேண்டும்?

அக்காவின் மலர்ந்த முகம் மெல்ல மெல்ல வற்றியது.

“அப்ப ஆர் எடுத்தது?” என்றாள்.

வெறும் செம்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவளே தொடர்ந்தாள்.

“பாம்பெண்டால் பால் வைச்சுக் கேக்கலாம். இவ்வளவு காலமும் கேட்டுக்கொண்டிருந்தன். அவங்களெண்டால் என்னத்தை வைச்சுக் கேக்கிறது?”

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. பெருக்காரி கேட்கவுமில்லை. அவளுக்கு என் முகம் போதும். வெளியே தெருவில் பால்கார வண்டியோ எதுவோ பின்னுக்கு எடுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த நாகம் அக்காவைத் தின்றுகொண்டிருந்தது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அது அவளுக்கும் அந்தச் சந்திக்கும் நடுவில் படுத்துக் காவல் கிடந்திருக்கிறது. அதற்குப் பின்னால் நின்ற சந்தியையும் சைக்கிளையும் மறிக்கிற கைகளையும் அவள் பார்க்காதபடி. நாங்கள் நல்லது செய்கிறோம் என்று அதை எழுப்பி அனுப்பிவிட்டோம்.

சின்னம்மா குழாயைக் கீழே வைத்தார். துணியில் விரலை வைத்து ஒரு கோட்டின் வழியே கொஞ்சத் தூரம் போய், நின்று, பெருக்காரியிடம் மெதுவாக ஏதோ கேட்டார். அவள் அதை எனக்குச் சொல்லத் தயங்கினாள். “சொல்லு” என்றேன்.

“ரெண்டு பாட்டு இருக்காம்” என்றாள். “உயிரோட இருக்கிற ஒருத்தரின்ர உயிர் பயத்தில விலகிப் போயிருந்தால், அதைக் கூப்பிட ஒரு பாட்டு. வா, வீடு இஞ்ச, தாய் இஞ்ச எண்டு. செத்துப் போனவர் போக ஏலாமல் நிண்டால், அவரை அனுப்ப ஒரு பாட்டு. போ, பாதை அங்க, ஒருத்தரும் மறிக்கமாட்டினம் எண்டு. ஊரில எண்டால் தான் மருந்தைக் குடிச்சுப் பாம்பிட்டைக் கேட்டிட்டு எது எண்டு முடிவெடுப்பன், இஞ்ச மருந்தில்லாமல் தனக்குக் கண் தெரியாது எண்டுறா. அதாலை தாய்தான் சொல்ல வேணுமாம். எந்தப் பாட்டு?”

எங்கள் வீட்டில் எவரும் கேட்கத் துணியாத கேள்வி. அமேசனில் இருந்து விமானமேறி, மூன்று பாசை தாண்டி, கம்பளத்தின் மேல் வந்து இருந்தது. என் கணவர் தரையைப் பார்த்தார். சுற்றி வளைத்துச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் எனக்கு மழுப்ப வராது. சின்ன வயதில் என் பொய்களை எல்லாம் பிடித்தவள் அவள்தான். பெருக்காரி சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன். வா என்றது ஒன்று, போ என்றது ஒன்று, எது என்று நீதான் சொல்லவேண்டும்.

அக்கா கையால் தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“அவவுக்குத் தெரியாதாமோ?”

“தெரியாதாம் அக்கா. மருந்து இல்லாமல் தெரியாதாம்.”

“எனக்கு மட்டும் ஆர் மருந்து தந்தது?” என்றாள். கோபமாக இல்லை. கடைக்காரனிடம் மிச்சச் சாமான் கேட்பதுபோல் சாதாரணமாய். அதற்குப் பிறகுதான் சொன்னாள், அப்ப ரெண்டையும் பாடச் சொல்லு பிள்ளை என்று.

நான் சொன்னேன். பெருக்காரி சொன்னாள். சின்னம்மா தலையை ஆட்டவில்லை. அக்காவின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்துக்கொண்டு, பாசை புரியாதவளிடம் நேரடியாகவே பேசினார், எங்களை விட்டுவிட்டு. பிறகுதான் அது சுற்றி வந்து சேர்ந்தது.

“பாட்டும் பாம்புதானாம் அக்கா. தலை பாக்கிற பக்கம்தான் போகுமாம். ரெண்டையும் பாடினால், வா எண்டு இழுத்துப் போ எண்டு தள்ளினால், பிள்ளை நடுவில நிண்டு உலைவானாம். அவனுக்கு நோகுமாம்.”

அவனுக்கு நோகும் என்ற சொல்லை நான் வாயில் இருந்து விட்டதும் அக்காவின் கண் ஒருமுறை சிமிட்டியது.

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். ஒரு கையைத் தரையில் ஊன்றி, மற்றதை என் தோளில் வைத்து, மெல்ல எழும்பினாள். விளக்கைத் தாண்டிப் போகும்போது சேலைத் தலைப்பை ஒதுக்கிக்கொண்டாள். எந்தப் பாட்டு என்று சொல்லவில்லை. என் கணவர் கதவடியில் இருந்து விலகி வழி விட்டார். படியேறுகிற சத்தம் கேட்டது. மேலே குளியலறைக் கதவு சாத்துகிற சத்தம். சின்னம்மா பெருக்காரியைப் பார்த்தார், பெருக்காரி என்னைப் பார்த்தாள். என்னவாம், எதைப் பாடட்டாம்?

தண்ணீர் திறக்கிற சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் சுடுதண்ணீர்ப் பைப்பைத் திறந்தால் குசினிச் சுவரில் இருக்கிற பொயிலர் பும் என்று பற்றிக்கொள்ளும். அது பற்றவில்லை. பச்சைத் தண்ணீர், பெப்ரவரி மாதத்தில். அன்று விரதத்துக்காக அவள் விடியவே முழுகியிருந்தாள். தலைமயிர் இன்னும் காயாமல் நுனியில் முடிச்சுப் போட்டிருந்தது. இழவுச் செய்தி கேட்டால், எந்தத் தேசத்தில் இருந்தாலும், என்ன நேரமானாலும், எங்கள் ஆட்கள் செய்கிற முதல் வேலை ஒன்று இருக்கிறது. என் கணவருக்கு எனக்கு முன்னமே விளங்கிவிட்டது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

மேலே, குளிக்கும் தொட்டிக்குள் வாளியை வைத்து, கோப்பையால் அள்ளி அள்ளி, அக்கா தன் தலைக்கு வார்த்துக்கொண்டிருந்தாள்.